முதுகெலும்பில்லாதவர்களோடு ஏழு வருடம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 190 லிட்டர். மணல், கல் எல்லாம் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது மீனைத்தான். இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டி அனுப்பிவிடுவேன். எனக்கு முக்கியம் மற்றவர்கள்: மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் இரண்டு கிளீனர் இறால், பத்துப் பன்னிரண்டு நத்தை, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் அரை டஜன் சன்னியாசி நண்டு, உருண்டை உடம்பெல்லாம் முள்ளாக ஒரு கடல் முள்ளெலி, பூப்போல விரியும் பிராணியான ஒரு கடல் சாமந்தி, குழாய்க்குள் இருந்து விசிறி போலத் தலையை விரிக்கும் ஒரு புழு. ஒருவருக்கும் முதுகெலும்பு கிடையாது. ஆனால் இந்த வீட்டில் எதை வாங்கலாம், எதைத் தெளிக்கலாம், ஊருக்குப் போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அவர்கள்தான்.

சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி. 2018ல் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் பத்து வருடம் நன்னீர் மீன் வளர்த்தவன் என்பதால் எல்லாம் தெரியும் என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்துக்கு முதலில் பலியானது ஒரு கிளீனர் இறால்.

வண்ணமீன் கடைகள் இருக்கும் கொளத்தூரில் வாங்கி, பாலித்தீன் பையோடு பைக்கில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தேன். மீனுக்குச் செய்வதுபோல் பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டேன், சூடு சமமானதும் இறாலைத் தொட்டியில் விட்டேன். கூடவே வாங்கிய கோமாளி மீன் அன்று இரவே சாப்பிட்டது. இறால் ஒரு மூலையில் ஒருக்களித்துப் படுத்தது. காலையில் இல்லை. கடைக்காரரிடம் போய்ப் புகார் மாதிரிச் சொன்னேன். அவர் அசரவில்லை. "அண்ணே, மீனு தாங்கும். எறா தாங்காது. சொட்டுச் சொட்டா விட்டீங்களா?" என்றார்.

விடவில்லை. ஏன் விட வேண்டும் என்பதே அப்போது தெரியாது. மீன் தன் உடம்புக்குள் இருக்கும் உப்பின் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். வெளியே கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சிறுநீரகமும் செவுளும் சமாளித்துவிடும். இறால், நத்தை, நட்சத்திர மீன் வகைகளுக்கு அந்த வசதி இல்லை, அல்லது மிகக் குறைவு. வெளியே என்ன உப்போ உள்ளேயும் ஏறக்குறைய அதே உப்பு. கடைத் தொட்டிகளில் உப்பைக் குறைத்து வைப்பது வழக்கம். உப்பு மிச்சம், மீனுக்கு ஒட்டுண்ணித் தொல்லையும் குறையும். நன்னீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்று சொல்லும் ஒப்படர்த்தி, கடைத் தண்ணீரில் 1.020, என் தொட்டியில் 1.025. எண்ணைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த இறாலின் ஒவ்வொரு செல்லிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சி எடுக்க அந்த வித்தியாசம் போதும்.

அதற்கப்புறம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு டிரிப் செட் வாங்கினேன், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே அதேதான். வாங்கி வந்த உயிரைப் பைத் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டால், தொட்டியிலிருந்து தண்ணீர் அதன் வழியே வாளிக்கு இறங்கும், விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டு. வாளியில் முதலில் இருந்த தண்ணீர் மூன்று மடங்காகும் வரை விட வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகும். நட்சத்திர மீன் என்றால் இரண்டரை, மூன்று மணி நேரம் கூட வைப்பேன். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் போய், "எங்கப்பா எறாவுக்கு குளுக்கோஸ் ஏத்துறாரு" என்று சொல்லிவிட்டாள். ஒரு விஷயம் மட்டும்: வெளியூரிலிருந்து பார்சலில் ஒரு நாள் முழுக்கப் பையில் கிடந்து வரும் உயிர்களுக்கு இவ்வளவு நேரம் சொட்டவிடக் கூடாது. பைக்குள் அவற்றின் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் தண்ணீரின் பிஎச் ஏறும், அம்மோனியாவின் நஞ்சும் கூடும். அவற்றுக்கு, கடைக்காரர் அனுப்பும் தண்ணீரின் உப்பை முன்கூட்டியே கேட்டு, அதே அளவில் ஒரு வாளி தயாராக வைத்துக்கொண்டு, பையைத் திறந்த உடனே மாற்றிவிட வேண்டும். மீதிச் சரிக்கட்டல் அந்த வாளியில்.

உப்பை அளப்பதிலும் ஏமாந்திருக்கிறேன். முதலில் வாங்கியது முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர். முள்ளில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினால் அது இல்லாத உப்பைக் காட்டும். பிறகு, ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். அதையும் வெறும் தண்ணீர் விட்டு ஜீரோ பார்த்தால் போதாது. கடல் நீரின் உப்பளவான 35க்கென்றே (ஆயிரத்துக்கு 35 பங்கு) விற்கும் கரைசலை ஒரு சொட்டு விட்டுச் சரிபார்க்க வேண்டும். ஜீரோவில் சரியாக இருக்கும் கருவி 35ல் இரண்டு புள்ளி தப்பாகக் காட்டியதை நானே பார்த்தேன்.

கடல் இருபது நிமிட தூரத்தில் இருக்கும்போது உப்புப் பொட்டலம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். ஆறு மாதம் ஈ.சி.ஆர். பக்கம் போய் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்தேன். நவம்பரில் நல்ல மழைக்குப் பிறகு எடுத்த தண்ணீரை அளந்தால் 27 காட்டியது. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகளும் முகத்துவாரங்களும் நன்னீரைக் கரையோரக் கடலில் கொண்டுவந்து கொட்டுகின்றன. கூடவே ஊரில் உள்ள அத்தனை அழுக்கையும். அன்றைக்கு நிறுத்தியதுதான். இப்போது செயற்கை உப்பு, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஒரு நாள் சுழலவிட்ட பிறகு.

இந்த ஆர்.ஓ. தண்ணீரில்தான் பெரிய கதை இருக்கிறது.

தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மே மாதத்தில், மேலே சின்ன ஃபேன் ஓடினால், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் ஈடுகட்ட ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பாதிப் பேர் இங்கே சறுக்குகிறார்கள். ஊற்றுகிற தண்ணீரில் வேறு ஏதாவது கலந்திருந்தால் அதுவும் உப்பு மாதிரியேதான், போகாது, நாள்தோறும் சேரும். எங்கள் போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது என்பதால் சமையலறை ஆர்.ஓ. மெஷினிலிருந்தே பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். 2019 கோடையில் ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவாக வெளியே போவதைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. கழிவுத் தண்ணீர் அத்தனையையும் வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தினோம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பெரிதாகக் கேட்டது.

அது கிடக்கட்டும். 2021 கடைசியில் ஒரு நாள் காலை, கண்ணாடியில் ஒட்டி மேய்ந்துகொண்டிருக்க வேண்டிய டர்போ நத்தை மணலில் மல்லாந்து கிடந்தது. நத்தை தவறி விழுவது சகஜம், நிமிர்த்தி வைத்தேன். ஒட்டவில்லை. தசைப்பாதம் பாதி வெளியே தொங்க, தொட்டால் மெதுவாக, யோசித்து யோசித்து உள்ளே போனது. நல்ல நத்தை தொட்ட மாத்திரத்தில் மூடியைச் சாத்திக்கொள்ளும். மறுநாள் இன்னும் இரண்டு. அதற்கு மறுநாள் ஒரு கிளீனர் இறால். கையை விட்டால் ஓடிவந்து நகக்கண்ணைச் சுரண்டுகிற பிராணி, கல்லின் பின்னால் மீசையைக்கூட ஆட்டாமல் நின்றது.

எல்லாவற்றையும் சோதித்தேன். அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் 10. உப்பு 35. சூடு 26 டிகிரி. கால்சியம் 420. புத்தகத்தில் படம் போட்டுக் காட்டலாம், அவ்வளவு சுத்தமான தண்ணீர். கோமாளி மீன்கள் தீனிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அதுதான் என்னை ஏமாற்றியது. மீன் நன்றாக இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்ற பத்து வருடப் பழக்கம்.

மூன்றாம் நாள் இரவு, மீன் நன்றாக இருந்து மற்றவை மட்டும் சாகிற விஷம் என்ன என்று யோசித்தபோது தாமிரம் ஞாபகம் வந்தது. உடனே கண் போனது அம்மாவின் செப்புக் குடத்தின் மேல். இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது அம்மாவின் நாற்பது வருட வழக்கம்.

"அம்மா, தொட்டிக்கு இதுலேர்ந்து தண்ணி ஊத்தினியாம்மா?"

"நான் எதுக்குடா என் குடத்தைக் கொண்டுபோய் அந்த உப்புத் தண்ணிகிட்ட வைக்கப்போறேன்? உன் நத்தை செத்தா அதுக்கு நானா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க ஆர்.ஓ. மெஷின் முன்னால் நின்றேன். அதன் முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே வழக்கமான வெள்ளை ஃபில்டர்களுக்கு நடுவே, புதுப் பைசா நிறத்தில் ஒரு குழாய் பளபளத்தது. அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதத்துக்கு முன் வருடாந்திர சர்வீஸுக்கு வந்தவர், "சார், ஃப்ரீ அப்கிரேடு, காப்பர் கேட்ரிட்ஜ், உடம்புக்கு ரொம்ப நல்லது" என்றார். அம்மாவுக்குச் சந்தோஷம். நானும் தலையாட்டினேன். ஒரு மாதமாக, நாளைக்கு இரண்டரை லிட்டர் வீதம், தாமிரம் கலந்த தண்ணீரை என் கையாலேயே ஊற்றியிருக்கிறேன். தாமிரச் சோதனைக் கிட் வாங்கி ஆர்.ஓ. தண்ணீரில் சொட்டுவிட்டேன், தெளிவாக நிறம் ஏறியது. தொட்டித் தண்ணீரிலும், மங்கலாக. கோர்ட்டில் நிரூபிக்க இது போதுமா தெரியாது, எனக்குப் போதுமானதாக இருந்தது. அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "குடத்துக்கிட்ட போய்க் கேளு" என்றாள்.

ஒன்பது நத்தைகளில் ஏழு போயின. இரண்டு இறாலில் ஒன்று போனது. சன்னியாசி நண்டுகள் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி, செத்த நத்தைகளைத் தின்றுகொண்டிருந்தன. பத்து நாளில் மூன்று முறை, முறைக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன். புதுக் கரி போட்டேன், தாமிரத்தை உறிஞ்சும் ரெசின் ஒரு பை தொங்கவிட்டேன். சமையலறை மெஷினைத் தொட்டிக்குப் பயன்படுத்துவதை அன்றோடு விட்டேன். இப்போது பால்கனியில் தனியாக ஒரு ஆர்.ஓ., கடைசியில், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டீஅயனைசேஷன் ரெசின் வைத்தது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டாவிட்டால் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு. இறால், நண்டு, நத்தை பெரும்பாலானவற்றின் இரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது தாமிரம். அதனால்தான் அவற்றின் இரத்தம் நீலம் ஓடும். உள்ளே உயிர் காப்பது, தண்ணீரில் கரைந்து வெளியே வந்தால் உயிரை எடுக்கிறது. மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கொடுக்கும் மருந்துகள் பலவற்றில் இருப்பதும் தாமிரம்தான், நம்மூர் மயில்துத்தம். ஒட்டுண்ணி ஒற்றைச் செல் உயிர், இறால் வேறு ஜாதி, ஆனால் இரண்டுக்கும் தாமிரம் நஞ்சு. மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் மீனுக்கு வைத்தியம் என்றால் தனித் தொட்டியில்தான். பழைய தொட்டியோ பழைய கல்லோ யாரிடமாவது வாங்கினால் முதல் கேள்வி, "இதுல எப்பவாவது காப்பர் மருந்து போட்டீங்களா?" சுண்ணாம்புக் கல் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

தாமிரத்துக்கு அடுத்த எதிரி கொசு மருந்து. கரப்பான் பூச்சிக்கும் இறாலுக்கும் தூரத்து உறவு, இரண்டும் கணுக்காலிகள். கரப்பானைக் கொல்கிற ஸ்பிரே இறாலை அதைவிடச் சுலபமாகக் கொல்லும். தொட்டியின் ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். கூடத்தில் கொசுவர்த்தி, லிக்விட், ஸ்பிரே மூன்றுக்கும் தடை. ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் அம்மாவின் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் நான் ஏர் பம்பை நிறுத்திவிடுவேன். தேங்காய் எண்ணெய் தடவிய கையைத் தொட்டிக்குள் விடுவதும் இல்லை.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு, பயப்பட வேண்டாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கிளீனர் இறால் வாங்கிய ஒரு மாதத்துக்குள் ஒரு நாள், அது செத்து வெளுத்து மல்லாந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். கண், மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்கும். அழ வேண்டாம். அது சட்டை. சில வாரங்களுக்கு ஒரு முறை இறால் தன் ஓட்டை முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுத் தோல் கெட்டியாகும் வரை கல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த ஒன்றிரண்டு நாள் கல்லைப் புரட்டாதீர்கள், தேடாதீர்கள். சட்டையை எடுத்து வெளியே போடவும் தேவையில்லை. நண்டுகள் சுண்ணாம்புச் சத்துக்காகத் தின்றுவிடும். கிளீனர் இறாலை ஜோடியாக வாங்கும்போது ஆண், பெண் பார்க்கும் கவலையும் இல்லை. வளர்ந்த ஒவ்வொன்றும் ஆணும்தான், பெண்ணும்தான். என்னிடம் இருக்கும் இரண்டும் மாறி மாறி வயிற்றுக்கடியில் பச்சை முட்டைகளைச் சுமந்துகொண்டு திரிகின்றன. குஞ்சுகள் பிழைத்ததில்லை, பொரிந்த இரவே கோமாளி மீனுக்கு விருந்து.

சன்னியாசி நண்டு பெயருக்குத்தான் சன்னியாசி. வீட்டு ஆசை அதற்கு இருக்கிற மாதிரி யாருக்கும் கிடையாது. தன் உடம்பு வளர்ந்து சங்கு பற்றாமல் போனால், காலிச் சங்கு கிடைக்காவிட்டால், உயிரோடு இருக்கும் நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் குடியேறும். அதற்காக மாமல்லபுரம் போனபோது அழகான சங்குகளாக ஒரு பை வாங்கி வந்து போட்டேன். ஒரு நண்டும் சீண்டவில்லை. ஒன்றைச் சுரண்டிப் பார்த்தால் வார்னிஷ். எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பிறகு மெருகேற்றாத, வாய் உருண்டையான பழைய நத்தை ஓடுகளைத் தேடிப் பிடித்து, வேகவைத்துக் கழுவிப் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு நண்டு வந்தது. ஓட்டின் வாயைக் கொடுக்கால் அளந்தது. உள்ளே காலை விட்டுத் துழாவியது. உருட்டிப் பார்த்தது. வாடகை வீடு பார்க்கிறவன் குழாயைத் திறந்து பார்ப்பானே, அந்த மாதிரி. அப்புறம் கண் இமைக்கும் நேரத்தில் வெற்று வயிறு வெளியே தெரிய ஒரே தாவல். புது வீட்டில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு பழைய வீட்டுக்கே திரும்பிப் போனது. மறுநாள் காலையில்தான் நிரந்தரமாக மாறியது.

கடல் முள்ளெலி வகையில் என்னிடம் இருப்பது கலெக்டர் என்பார்கள். ஜில்லா கலெக்டர் இல்லை; கையில் கிடைத்ததையெல்லாம் தலையில் சேகரித்துச் சுமப்பதால் அந்தப் பெயர். ஓட்டுத்துண்டு, சின்னக் கல், ஒரு முறை தொட்டித் தெர்மாமீட்டர். பாசியை வழித்துத் தின்பதில் நான்கு நத்தைகளின் வேலையைத் தனியாகச் செய்யும். அதுதான் சிக்கலும். பாசி தீர்ந்ததும் பட்டினி, வெளியே ஒன்றும் தெரியாது, திடீரென்று முட்கள் உதிரும். முட்கள் உதிர ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் ஒன்றும் செய்வதற்கில்லை. வாரம் இரண்டு முறை காய்ந்த நோரிப் பாசித் தாளை ஒரு துண்டு முள் நடுவே செருகிவிடுகிறேன். அதைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு போய்ச் சாவகாசமாகத் தின்கிறது.

வாங்கக் கூடாதவை என்று இரண்டைச் சொல்வேன். சிவப்புக் கொம்பு வைத்த நட்சத்திர மீன், கடையில் விலை மலிவு, பார்க்கவும் அழகு. நகராத எதையும் தின்னும். என் முதல் விசிறிப் புழு அதன் வயிற்றுக்குள் போனது. நீல நட்சத்திரம் அதற்கு நேர்மாறு, எதைத் தின்கிறது என்றே பிடிபடாமல் ஆறு மாதத்தில் மெலிந்து சாகும். விசிறிப் புழு என்றதும் ஞாபகம் வருகிறது, அது சில சமயம் விசிறியையே கழற்றி எறிந்துவிடும். குழாயைக் குப்பையில் போடாதீர்கள். என்னுடையது ஐந்து வாரத்தில் புது விசிறி முளைத்து வந்தது.

கடல் சாமந்தியை நான்காம் மாதமே வாங்கியது என் அவசரம். இப்போது கேட்டால் ஒரு வருடமாவது பொறுங்கள் என்பேன். தொட்டி நிலைபெறாதபோது அதற்கு இருக்கும் இடம் பிடிக்காது, பாதத்தைப் பெயர்த்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும். ஒரு ராத்திரி அது, தண்ணீரைச் சுழற்றும் அலைமோட்டார் வாய்க்குள் போய்விட்டது. காலையில் எழுந்தால் தொட்டி முழுக்கப் பால். கறிக் கடையின் பின்பக்க வாடை. உடனே பாதித் தண்ணீர் மாற்றினேன். நல்லவேளையாக உப்புத் தண்ணீர் டிரம்மில் கரைத்து வைத்திருந்தேன், இல்லையென்றால் எல்லாம் போயிருக்கும். இப்போது மோட்டார் வாய்க்கு ஸ்பாஞ்சு உறை, டிரம்மில் எப்போதும் 40 லிட்டர் தயார். சாமந்தி வாங்கும்போது மூன்று விஷயம் பார்ப்பேன்: பாதத்தில் கிழிசல் இருக்கக் கூடாது, வாய் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், கைகள் தொட்டால் ஒட்ட வேண்டும். கடைக்காரர் அதைக் கண்ணாடியிலிருந்து பிய்த்தெடுத்தால் வாங்காமல் திரும்பிவிடுவேன்.

பவளம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: என் தொட்டியில் கல் பவளம் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துப் பட்டியலில் 2001ல் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் சேர்க்கப்பட்டன. செத்த பவளத் துண்டுக்கும் அதே சட்டம்தான். "ஒரு சின்னப் பீஸ்தானே சார்" என்று சொல்லி எடுத்து நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் முருகைக்கல்லை ஒருகாலத்தில் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் வண்டி வண்டியாகத் தோண்டியெடுத்தோம். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில். அதற்கு மேல் நான் வேறு எதற்கு? என் தொட்டியில் இருப்பது சுட்ட மண் கல். முதல் ஆறு வாரம் ஒரு உயிரும் விடாமல், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பிடிக்க வைத்தேன். ஒன்றரை வருடத்தில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படர்ந்து அசல் கல் மாதிரியே ஆகிவிட்டது. உயிர்களிலும் கடலில் பிடிக்காமல் பண்ணையில் பிறந்தது கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கிறேன். கோமாளி மீனை, ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளை எப்போதோ குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. லட்சத்தீவின் அகத்தியில் உள்ளூர்ப் பெண்கள் அலங்கார இறால்களை வளர்க்கிறார்கள், தேசிய மீன் மரபியல் வளங்கள் மையத்தின் பயிற்சியோடு.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) இல்லாமல் முடியாது, அவ்வளவுதான். ஃபேன் இரண்டு டிகிரி இறக்கும். புழுக்கமான நாளில் அதுவும் இறங்காது. சில்லர் வாங்கக் காசு சேரும் வரை தொட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான் கடைசிப் பாடம். அதை மிக்ஜாம் புயல் நடத்தியது. 2023 டிசம்பர் 4 அதிகாலையில் போன கரண்ட் எங்கள் தெருவில் 6ந் தேதி சாயங்காலம்தான் வந்தது. கீழே முழங்காலுக்கு மேல் தண்ணீர். இன்வெர்ட்டர் எட்டு மணி நேரம் அலைமோட்டாரை ஓட்டியது. பேட்டரி ஏர் பம்ப் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றின் செல் முதல் நாளே தீர்ந்தது, மற்றதை மணிக்குப் பத்து நிமிடம் என்று ரேஷனில் ஓட்டினேன். மழையில் ஊர் குளிர்ந்திருந்ததால் சூட்டுக் கவலை இல்லை. ஆக்சிஜன்தான் பிரச்சினை. தீனியை நிறுத்தினேன். டார்ச் அடித்து நத்தைகளை எண்ணினேன், ஒன்று செத்தாலும் உடனே எடுத்தாக வேண்டும். இரண்டாம் ராத்திரி இறால்கள் கல்லை விட்டுத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு ஏறி வந்தன. கையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவதைத் தவிர வழியில்லை. அரை மணிக்கு ஒரு முறை ஐம்பது தரம். பன்னிரண்டு மணி வரை நான், அப்புறம் மனைவி.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தபோது கூடத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அம்மா மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். சாமந்தி அந்த அரையிருட்டில் பாதி விரிந்திருந்தது. நான் வந்து நிற்பதைப் பார்த்ததும் கையில் இருந்த சொம்பை மெழுகுவர்த்திக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"எவர்சில்வர்டா. நல்லாப் பாத்துக்கோ."